கிரிம்ப் வேண்டுமா, வேண்டாமா? வாசகர் கேள்வி பதில்

மான் சீசனுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. நான் வசிக்கும் விஸ்கான்சினில் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பித்து ஒன்பது நாள். அதனால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் எழுதியவை, அதிலும் பெரும்பாலும் ஒரே கேள்வி. குண்டைப் பதித்த பிறகு பித்தளைக் கூட்டின் வாயை உள்பக்கமாக அழுத்தி இறுக்குகிறோமே, அந்தக் கிரிம்ப் வேட்டைத் தோட்டாவுக்குக் கட்டாயமா என்பதுதான் அது. ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்ல முடியாது, துப்பாக்கியைப் பொறுத்து மாறும். அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

அண்ணா, போன வருடம்தான் ரீலோடிங் ஆரம்பித்தேன். போல்ட் ஆக்‌ஷன் .308, மானுக்கு மட்டும். ரேஞ்சில் பழக்கமான ஒருவர், "வேட்டைக்குக் கொண்டுபோகும் தோட்டாவை கிரிம்ப் செய்யாமல் எடுத்துப்போகாதே, பையில் குலுங்கும்போது குண்டு நகர்ந்துவிடும்" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– கிராண்ட் ராப்பிட்ஸ், மிச்சிகன்

தம்பி, உங்கள் போல்ட் துப்பாக்கிக்கு, அதாவது ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கிக்கு, வேண்டாம். அவர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் குண்டைப் பிடித்து நிறுத்துவது கிரிம்ப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பிடித்து நிறுத்துவது கூட்டின் கழுத்து. சைஸிங் டை, அதாவது சுட்ட கூட்டை மறுபடி அளவுக்கு நெருக்கும் அச்சு, கழுத்தைக் குண்டைவிடக் கொஞ்சம் குறுகலாக்குகிறது, .308 குண்டு அதற்குள் நெருக்கிக்கொண்டு இறங்குகிறது, அந்த நெருக்கம்தான் பிடி. இதைத்தான் நெக் டென்ஷன் என்கிறோம். அங்குலத்தில் 0.002 அளவுக்கு நெருக்கம் இருந்தால் .243, .270, .308, .30-06 போன்ற தோட்டா அளவுகளைச் சுடும் போல்ட் துப்பாக்கிகளுக்குத் தாராளமாகப் போதும். பையில் குலுங்குவதெல்லாம் அதை அசைக்காது.

உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். சைஸ் செய்த கூட்டின் கழுத்தை வெளிப்புறமாகக் காலிப்பரில் அளந்து எழுதி வையுங்கள், குண்டைப் பதித்த பிறகு அதே இடத்தில் மறுபடி அளவெடுங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பிடி. அது 0.001-க்கும் கீழே இருந்தால் கோளாறு கழுத்தில்தான். சைஸிங் டைக்குள் இருக்கும் எக்ஸ்பேண்டர் உருண்டை கொஞ்சம் பெரிதாக இருக்கலாம், பலமுறை சுட்டதில் பித்தளை கெட்டிப்பட்டு சைஸ் செய்ததும் பழைய அளவுக்கே திரும்பியிருக்கலாம், கழுத்துச் சுவர் மெலிந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த கழுத்தை கிரிம்ப் போட்டுச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது நடக்காது. வாய் விளிம்பில் ஒரு மெல்லிய வளையம் குண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே கழுத்து முழுவதும் சும்மா இருக்கும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. முழு நீளத்தை அளந்துகொண்டு, தோட்டாவின் மூக்கை மரமேஜை விளிம்பில் வைத்துக் கையால் நிதானமாக, நல்ல அழுத்தமாக அழுத்துங்கள். பிரைமர், அதாவது அடிபட்டதும் தீப்பொறி தரும் சின்ன மூடி, இருக்கும் அடிப்பக்கம் எதுவும் படக்கூடாது, தட்டவும் கூடாது. மறுபடி அளந்தால் நீளம் மாறியிருக்கக் கூடாது. மாறாவிட்டால் நிம்மதியாகக் காட்டுக்குக் கிளம்பலாம்.

தேவையில்லாத கிரிம்ப்பால் நஷ்டமும் உண்டு, அதை நான் பட்டு அறிந்தவன். ஆரம்ப காலத்தில் .30-06-க்கு நிரப்பும்போது சீட்டிங் டையை ஒரு சுற்று கூடுதலாக இறக்கிவிட்டேன். பெரும்பாலான சீட்டிங் டைகளுக்குள் கிரிம்ப்புக்கான ஒரு படி இருக்கிறது, கூட்டின் வாய் அதில் போய் முட்டியது. நான் போட்ட குண்டிலோ கேனலூர் இல்லை, அதாவது குண்டின் இடுப்பைச் சுற்றி ஓடும் அந்த வரிப்பள்ளம் இல்லை. உள்ளே மடங்க இடமில்லாத பித்தளை என்ன செய்யும், கீழே தோள்பட்டையில் புடைத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாது. விடிகாலையில் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், அறுபது கெஜத்தில் ஒரு நல்ல கொம்பன் வந்து பக்கவாட்டில் நிற்கிறது, போல்ட்டைத் தள்ளுகிறேன், முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினேன், அசையவில்லை. அந்தச் சத்தத்துக்கு மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டது. வீட்டுக்கு வந்து அளந்தால் தோள்பட்டையில் 0.441 இருக்க வேண்டிய விட்டம் 0.444. அங்குலத்தில் அந்த ஆயிரத்தில் மூன்று பங்குதான் அன்றைய நாளையே கெடுத்தது.

ஆகவே டையை வைக்கும் முறையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சைஸ் செய்து நீளம் சரிபார்த்த வெற்றுக்கூட்டை ராமில், அதாவது பிரஸ்ஸில் கூட்டை மேலே தூக்கும் தண்டில், வைத்து முழுக்க மேலே ஏற்றுங்கள், டையை மெதுவாகத் திருகி இறக்குங்கள், உள்ளே படி வந்து வாயைத் தொடுவது கைக்குத் தெரியும். அங்கிருந்து ஒரு முழுச் சுற்று வெளியே திருகிவிட்டு லாக் வளையத்தை இறுக்குங்கள். இனி அந்த டை கிரிம்ப் செய்யாது. அப்புறம், சீசனுக்கு எடுத்துப்போகும் ஒவ்வொரு தோட்டாவையும் பாதுகாப்பான இடத்தில், குழல்வாய் பாதுகாப்பான திசையைப் பார்க்க, ஒருமுறை சேம்பருக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள், ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஐயா, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய பழைய லீவர் ஆக்‌ஷன் .30-30-ஐ எனக்கு விற்றுவிட்டார். குழாய் மேகஸின். இதற்கு கிரிம்ப் அவசியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் நான் செய்யும்போது மூன்றில் ஒரு கூடு கசங்கிவிடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?
– ஸ்க்ராண்டன், பென்சில்வேனியா

இங்கே எல்லோரும் சொல்வது சரி. கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் வின்செஸ்டர் 94, மார்லின் 336 வகைத் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இருக்கும் குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக, ஒன்றின் மூக்கு அடுத்ததன் அடியில் முட்டிக்கொண்டு படுத்திருக்கின்றன. பின்னாலிருந்து அல்ல, முன்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அத்தனையையும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த வரிசை முழுவதும் முன்னும் பின்னும் மோதுகிறது. குண்டு கூட்டுக்குள் இறங்கிவிட எல்லா வசதியும் அங்கே இருக்கிறது. இறங்கிவிட்டால் கூட்டுக்குள் இடம் குறையும், அழுத்தம் ஏறும், நீளம் குறைந்த தோட்டா ஏற்றும்போது சிக்கவும் செய்யும். .30-30 1895-இல் வந்தது, அந்தக் குண்டுகளில் கேனலூர் இன்றுவரை இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு விஷயத்தை நிறையப் பேர் யோசிப்பதில்லை. குழாயில் முதலில் போட்ட தோட்டா கடைசியாகத்தான் வெளியே வரும். இரண்டு சுட்டுவிட்டு இரண்டு போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தால், முன் முனையில் இருக்கும் அந்த ஒரு தோட்டா சீசன் முழுக்க அங்கேயே கிடந்து எல்லா அடியையும் வாங்கும். மாலையில் வீடு திரும்பியதும் எப்படியும் காலி செய்யத்தான் போகிறீர்கள், அப்போது அதை எடுத்து அளந்து பாருங்கள். உங்கள் கிரிம்ப் நல்லதா இல்லையா என்பதை அந்தத் தோட்டாவே சொல்லிவிடும்.

இப்போது கூடு கசங்குவதற்கு வருவோம். .30-30 பித்தளை கழுத்திலும் தோளிலும் மெல்லியது, கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் உட்கார்ந்துவிடும். ஆனால் மூன்றில் ஒன்றுதான் கசங்குகிறது, மற்ற இரண்டும் நன்றாக வருகின்றன என்கிறீர்களே, அதைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, உங்கள் கூடுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. டை ஒரே இடத்தில் நிற்கிறது. நீளமான கூடு அதில் ஆழமாக முட்டிக் கசங்குகிறது, குட்டையான கூடு தொட்டும் தொடாமலும் வருகிறது. நன்றாக வந்ததாக நீங்கள் நினைக்கும் சிலவற்றில் கிரிம்ப்பே விழுந்திருக்காது. .30-30 கூட்டின் உச்ச நீளம் 2.039 அங்குலம். எல்லாவற்றையும் 2.030-க்கு வெட்டிச் சமமாக்குங்கள், வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, பதிப்பதையும் கிரிம்ப்பையும் ஒரே இழுப்பில் செய்வதால் வருகிறது. குண்டு இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மடங்க ஆரம்பித்தால் ஒன்று குண்டின் மேலுறை சுரண்டப்படும், அல்லது கூடு கசங்கும். இரண்டு தடவையாகச் செய்யுங்கள். முதலில் டையை உயரமாக வைத்து எல்லாக் குண்டுகளையும் பதியுங்கள், வாய் விளிம்பு கேனலூரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கட்டும். அடுத்து சீட்டிங் தண்டை நன்றாக மேலே திருகிவிட்டு, ஒரு தோட்டாவை ஏற்றி, டை வாயைத் தொடும்வரை இறக்கி, பிறகு எட்டில் ஒரு சுற்று, மறுபடி எட்டில் ஒரு சுற்று என்று போங்கள். எங்கே நிறுத்துவது என்பதை விரல் நகம் சொல்லும். நகத்தைக் கூட்டிலிருந்து குண்டை நோக்கி ஓட்டினால் விளிம்பில் தட்டுப்படாமல் வழுக்கிப் போக வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் தோள்பட்டையில் புது மினுமினுப்பு வளையம் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் டையைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் கைவராவிட்டால் லீ நிறுவனத்தின் ஃபேக்டரி கிரிம்ப் டை ஒன்று வாங்கிக்கொள்ளலாம், விலையும் அதிகமில்லை. சாதாரண டை வாயை மேலிருந்து கீழே தள்ளி மடிக்கிறது, இது நான்காகப் பிளந்த ஒரு காலட்டால் பக்கவாட்டிலிருந்து நெருக்குகிறது. கீழ்நோக்கித் தள்ளாததால் தோள்பட்டை கசங்க வழியில்லை, கூடுகளின் நீளத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். .30-30-க்கு நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. குழாய் மேகஸினில் கூர்மூக்குக் குண்டு போடவே கூடாது. கூர்முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் நேராக உட்கார்ந்திருக்கும், ஒரு குலுக்கலில் வெடித்தால் உங்கள் இடது கை இருக்கும் இடத்தில்தான் வெடிக்கும். தட்டைமூக்கு 150 அல்லது 170 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு போடுங்கள். குழாய்க்கென்றே மெத்தென்ற முனை வைத்து ஹார்னடி செய்யும் எஃப்டிஎக்ஸ் போன்ற குண்டுகள் மட்டும் இதற்கு விலக்கு.

.450 புஷ்மாஸ்டருக்கு என் .44 மேக்னத்துக்குச் செய்வது போலவே நன்றாக உருட்டி ரோல் கிரிம்ப் போட்டேன். இரண்டு தோட்டா வெடிக்கவில்லை, பிரைமரில் லேசான பள்ளம் மட்டும் விழுந்திருக்கிறது. பிரைமர் மோசமா?
– கலமஸூ, மிச்சிகன்

பிரைமர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் கிரிம்ப்பைப் பாருங்கள். .44 மேக்னம் கூட்டுக்கு அடியில் விளிம்பு உண்டு, அந்த விளிம்பில்தான் அது சேம்பரில் தாங்கி நிற்கிறது, வாயை எவ்வளவு மடித்தாலும் நிற்கும் இடம் மாறாது. .450 புஷ்மாஸ்டருக்கும் .350 லெஜண்டுக்கும் அப்படி ஒரு விளிம்பு இல்லை, தோள்பட்டையும் இல்லை. கூட்டின் வாய் விளிம்பே சேம்பருக்குள் ஒரு படியில் போய் முட்டி நிற்க வேண்டும். அந்த விளிம்பை நீங்கள் உள்ளே உருட்டிவிட்டீர்கள், முட்டுவதற்கு எதுவும் இல்லை, தோட்டா தேவைக்கு மேல் உள்ளே போய்விட்டது, ஃபயரிங் பின் எட்டிப்பிடித்து லேசாகத் தட்டியிருக்கிறது. பள்ளம் லேசாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

இந்த இரண்டுக்கும் டேப்பர் கிரிம்ப் மட்டும்தான். குண்டு உள்ளே போவதற்காக வாயை மணி போல விரித்தோமே, அந்த விரிப்பை நேராக்கி, அதற்கு மேல் ஒரு பொட்டு நெருக்கம் கொடுத்தால் போதும். விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். ஏற்கெனவே உருட்டியவற்றைச் சுட முயற்சிக்காமல், தட்டிக் குண்டைக் கழற்றும் சுத்தியல் புல்லரால் பிரித்துவிடுங்கள். வெடிக்காத அந்த இரண்டையும் அறையிலிருந்து உடனே எடுத்திருக்க மாட்டீர்கள், குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு முப்பது விநாடியாவது காத்திருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மிச்சிகனில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதில் ஆச்சரியம் இல்லை. மாநிலத்தின் தென்பகுதியில் மானுக்கு முக்கியமாக ஷாட்கன்தான் என்று இருந்த இடத்தில், 2014-இல் 1.16 முதல் 1.80 அங்குல நீளமுள்ள, தோள்பட்டை இல்லாத நேர்சுவர்க் கூடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள், 1.70 அங்குலக் கூடுள்ள .450 புஷ்மாஸ்டர் அந்த அளவுக்குள் அழகாக உட்கார்ந்தது. கைத்துப்பாக்கிக்கு நிரப்பிப் பழகியவர்கள் பலர் அப்படி ரைஃபிளுக்கு வந்தார்கள், வரும்போது ரோல் கிரிம்ப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். விதிகள் மாறக்கூடியவை, இந்த வருடக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் ஈயக் குண்டு கூடாது என்பதால் பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் செம்புக் குண்டுக்கு மாறினேன். அதில் நாலைந்து வளையப் பள்ளங்கள் இருக்கின்றன. எந்தப் பள்ளத்தில் கிரிம்ப் செய்ய வேண்டும்? துப்பாக்கி .270, போல்ட்.
– ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியா

அவை முதன்மையாக கிரிம்ப்புக்காக வெட்டியவை அல்ல. முழுச் செம்பு ஈயம் போல நெகிழாது, குழலுக்குள் வெட்டிய வரிகள் (ரைஃபிளிங்) அதில் பதியும்போது விலகும் உலோகத்துக்குப் போக இடம் வேண்டும், அழுத்தமும் செம்புப் படிவும் குறைய வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பள்ளங்கள். விரும்பினால் அவற்றில் கிரிம்ப் செய்யலாம், தப்பில்லை. ஆனால் ஒரு பள்ளத்துக்கு வாய் சரியாக வரவேண்டும் என்பதற்காகக் குண்டை ஆழமாகவோ உயரமாகவோ பதிக்கத் தொடங்கினால் துல்லியம் போய்விடும். இந்தக் குண்டுகளுக்கு ரைஃபிளிங்கைத் தொடுமுன் கொஞ்சம் தூரம் ஓட இடம் விட்டால் நன்றாகச் சுடும், 0.050 அங்குலத்தில் ஆரம்பித்துப் பாருங்கள். .270 போல்ட்டுக்குக் கழுத்துப் பிடியே போதும். அதே எடை ஈயக் குண்டுக்கான வெடிமருந்து அளவை இதற்குப் போடாதீர்கள், செம்பு இலேசானது, அதே எடைக்குக் குண்டு நீளமாகி கூட்டுக்குள் இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்தக் குண்டுக்கென்றே வெளியான அட்டவணையைப் பார்த்துக் குறைந்த அளவிலிருந்து ஏறுங்கள்.

மாறியதில் வருத்தம் இருப்பது போல எழுதியிருந்தீர்கள். 2019 ஜூலை 1 முதல் அந்தத் தடை முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடல்குவியலைத் தின்று கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகள் ஈயம் ஏறிச் செத்துக்கொண்டிருந்தன, 1982-இல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிஞ்சியிருந்தன. செம்புக்குச் சில டாலர் கூடுதலாகக் கொடுப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

ராணுவத்தில் சுட்ட .308 கூடுகள் மலிவாகக் கிடைத்தன. "கிரிம்ப்டு" என்று எழுதியிருந்தது. வாயில் எதுவும் தெரியவில்லையே?
– எல் பாசோ, டெக்சஸ்

அது வேறு கிரிம்ப். இயந்திரத் துப்பாக்கியில் பிரைமர் கழன்று விழக்கூடாது என்று பிரைமர் குழியின் விளிம்பைக் குத்தி இறுக்கியிருப்பார்கள். அடியைப் பார்த்தால் பிரைமரைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். பழைய பிரைமர் வெளியே வந்துவிடும், புதியது ஏறாது, பலவந்தமாக ஏற்றப் பார்த்தால் நசுங்கும், வெடிக்கவும் கூடும். ஸ்வேஜிங் கருவியாலோ ரீமராலோ அந்த விளிம்பை ஒருமுறை எடுத்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் தொல்லையில்லை. ராணுவக் கூடுகள் பல கனமான சுவருள்ளவை, உள்ளே இடம் குறைவு, அதனால் மருந்து அளவைக் குறைத்து ஆரம்பியுங்கள்.

நான் கோவையில் இருக்கிறேன். இதெல்லாம் இங்கே செய்யலாமா?
– கோயம்புத்தூர்

வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு அனுமதி இல்லை, தோட்டா தயாரிப்பும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும் விஷயம். படித்துத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலாஸ்காவில் வேலை. கரடி இருக்கும் இடம் என்பதால் .375 ஹெச் அண்ட் ஹெச் வாங்கியிருக்கிறேன். போல்ட் துப்பாக்கிக்கு கிரிம்ப் வேண்டாம் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இதற்கும் அதேதானா?
– கோடியாக், அலாஸ்கா

இல்லை, இதற்குப் போடுங்கள். மானுக்கான போல்ட் துப்பாக்கியை மனதில் வைத்து அன்று எழுதினேன், தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். .375-இன் உதை வேறு. துப்பாக்கி பின்னால் பாயும்போது பெட்டி மேகஸினில் இருக்கும் தோட்டாக்கள் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன, மேகஸினின் முன்சுவர் வந்து அவற்றின் மூக்கில் மோதுகிறது. மென்முனைக் குண்டுகளின் மூக்கு தட்டையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். .458 வின்செஸ்டர் மேக்னம் மாதிரி இன்னும் பெரியவற்றில் அடி இன்னும் கடுமை. இரட்டைக் குழல் துப்பாக்கியில் எதிர்மாறாக நடக்கும், முதல் குழல் வெடிக்கும் உதையில் இரண்டாவது குழலில் காத்திருக்கும் தோட்டாவின் குண்டு முன்னால் கழன்றுவரப் பார்க்கும்.

கேனலூர் உள்ள குண்டு, சமமாக வெட்டிய கூடு, முதலில் நல்ல கழுத்துப் பிடி, அதன் மேல் உறுதியான கிரிம்ப். இதுவரை கிரிம்ப் இல்லாமல் சுட்டுப் பழகிய அளவில் இனி கிரிம்ப் சேர்க்கிறீர்கள் என்றால் மருந்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஏறி வாருங்கள், அழுத்தம் மாறியிருக்கலாம்.

பிறகு ரேஞ்சுக்குப் போய் ஒரு சோதனை. மேகஸினின் அடியில் போடும் தோட்டாவின் நீளத்தை அளந்து அதில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். மேலே உள்ளவற்றைச் சுடுங்கள், புள்ளி வைத்ததை அடியிலேயே விட்டு மேலே மறுபடி நிரப்பிச் சுடுங்கள், ஆறேழு உதை வாங்கட்டும். வெளியே எடுத்து அளந்து பாருங்கள். மென்முனை நசுங்கியிருக்கும் என்பதால் முழு நீளத்தை மட்டும் நம்பாதீர்கள், கூட்டின் வாய்க்கும் கேனலூருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது நகர்ந்திருந்தால் அந்தத் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு கரடி இருக்கும் புதருக்குள் போகாதீர்கள், கழுத்துப் பிடியை அளப்பதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். நகராவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள், எந்தக் குண்டு, எந்த டை என்று அடுத்த இதழில் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.